காட்டுப் பூ வாசலிலும் பூக்கட்டும், காட்டிலும் பூக்கட்டும்

(தோட்டப் பிள்ளைக்காம்பராவில் நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் வாசித்துப் பயன் பெறட்டும் என்று இங்கே தருகிறோம்.)



கொழுந்து நிறுத்து, கூடையை இறக்கி, பிள்ளைகளுக்குச் சாப்பாடு பார்க்க வேண்டிய நேரம் இது. அந்த நேரத்தில் ஒரு மணித்தியாலத்தை எங்களுக்கு ஒதுக்கி வந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி.

இன்றைக்கு நாங்கள் பேச வந்தது பூக்களைப் பற்றி. "கூரைத் தகரம் ஒழுகுது, சம்பளம் பத்தல, இதுல பூ ஒரு கேடா?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இது வாசலில் அழகு காட்டுகிற விசயம் மட்டும் இல்லை. நம்முடைய பீலித் தண்ணீரும், நம்முடைய பிள்ளைகளின் நல்ல பெயரும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன. கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, பிறகு சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்துப் பிழை

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். மூன்று வருடத்துக்கு முன் வீட்டுத்தோட்டப் போட்டி வைத்தோம் அல்லவா? முதல் பரிசு எடுத்த வீட்டு வாசலில் தேங்காய் மட்டையில் கட்டித் தொங்கவிட்ட காட்டு ஓர்க்கிட் ஏழு இருந்தன. பார்க்க வந்த நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து நின்றோம். "அபூர்வமான பூ" என்று மேடையில் பாராட்டி பிரஷர் குக்கர் ஒன்றும் கொடுத்தோம். அந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வருடம் என்ன நடந்தது? எட்டு வீட்டு வாசலில் ஓர்க்கிட் தொங்கியது. பரிசு எதற்குக் கிடைக்கிறது என்பதைச் சனம் பார்த்துவிட்டது. பொடியன்மார் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மேலே காட்டுக்குள் போயிருக்கிறார்கள். அதில் ஒருவன் காட்டு உத்தியோகத்தர்களிடம் பிடிபட்டான். இரண்டு தவணை கோர்ட்டுக்குப் போனான், தண்டப் பணம் கட்டினான், போன நாளுக்கெல்லாம் பேரும் போடப்படவில்லை.

அவனுடைய தாய் எங்கள் கந்தோருக்கு வந்தார். வந்து சத்தம் போடவில்லை. "ஐயா, நீங்கதானே இதுக்குப் பரிசு குடுத்தீங்க. இப்ப எம்புள்ளைய களவெடுத்தவன்னு சொல்றாங்களே" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அந்த எட்டு வீட்டுச் செடிகளையும் மறு வருடம் போய்ப் பார்த்தோம். இரண்டு வீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தன. மற்ற வீடுகளில் காய்ந்த மட்டைதான் தொங்கியது. காட்டிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. அந்தப் பிழையைத் திருத்தத்தான் இன்றைக்கு வந்திருக்கிறோம்.

மேலே இருக்கிற காடு யாருக்கு?

இந்தக் கதையை ஒரு கூட்டத்தில் சொன்னபோது, மேட்டு லயத்து ஆச்சி ஒருவர் எழும்பிச் சொன்னார்: "தம்பி, இந்தக் காட்ட வெட்டினதே எங்க தாத்தாமாருதான். வெட்டச் சொன்னாங்க, வெட்டினாங்க. அப்ப யாரும் கோர்ட்டுக்குக் கூப்பிடல. இப்ப ஒரு பூவெடுத்தா குத்தமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஆச்சி சொன்னதில் சரித்திரம் இருக்கிறது. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய நாள் முதல் மலைநாட்டுக் காடு மலைமலையாக வெட்டி எரிக்கப்பட்டது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. கொஞ்சக் காலத்தில் கோப்பி அழிந்து அந்த மண்ணெல்லாம் தேயிலை ஆனது. கத்தி பிடித்த கை நம்முடைய முன்னோரின் கை. ஆனால் வெட்டச் சொன்ன வாய் வேறு, இலாபம் எடுத்த பையும் வேறு. ஆகவே ஆச்சி வெட்கப்பட எதுவும் இல்லை.

மிச்சக் காடு எப்படி நின்றது தெரியுமா? 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டை வெட்டக் கூடாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் முடிவு செய்தது. காடு போனால் ஆறு வற்றும், கீழே எந்தப் பயிரும் நிற்காது என்று அப்போதே தெரிந்திருக்கிறது. ஹோட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்கா ஆனது. அதுவும், சிவனொளிபாத மலைக் காடும், நக்கிள்ஸ் மலைக் காடும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின.

மேலே உள்ள காட்டில் மரமெல்லாம் குள்ளமாக, பாசி பிடித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மழை இல்லாத நாளிலும் அந்தப் பாசியும் இலையும் மூடுபனியைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணில் விடும. அந்த மண் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அப்படிக் காடு சேர்த்து வைத்த தண்ணீர்தான் மாசி பங்குனியிலும் ஊற்றாகக் கசிந்து பீலிக்கு வருகிறது. மரத்தடியில் நிற்கிற பூஞ்செடியும் புதரும் அந்தப் பஞ்சின் மேல் போர்த்திய போர்வை. போர்வையை இழுத்தால் மண் காயும், மழைக்குக் கரையும். ஒரு செடி பிடுங்குவதால் பீலி வற்றாது. எட்டு வீட்டுக்காரர் வருடா வருடம் பிடுங்கினால், அதைப் பார்த்துப் பக்கத்துத் தோட்டமும் பிடுங்கினால், அப்போது கணக்கு வேறு.

பிடுங்கினால் ஏன் சாகிறது?

ஓர்க்கிட்டின் விதை தூசி மாதிரி. அதற்குள் முளைக்குத் தேவையான சாப்பாடு இல்லை. மரப்பட்டையிலும் மண்ணிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணம் இருக்கிறது. அந்தப் பூஞ்சணம் ஊட்டினால்தான் விதை முளைக்கும். ஒரு செடி பூக்கிற பருவத்துக்கு வரப் பல வருடம் போகும். அதைப் பிய்த்து வந்து வெயிலடிக்கிற தகரக் கூரையின் கீழ் தொங்கவிட்டால், காற்றில் அந்த ஈரமும் இல்லை, வேரில் அந்தத் துணையும் இல்லை. வாங்கி வைத்த வீட்டுக்காரர் குற்றம் இல்லை, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது மெல்ல மெல்லக் காயும்.

மே மாதம் வெசாக் காலத்தில் பூக்கிற "வெசாக் மல்" என்ற ஓர்க்கிட் இந்த இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. ஆள்கள் பிய்த்துப் பிய்த்தே இன்றைக்கு அதைக் காட்டில் காண்பது அரிதாகிவிட்டது. ஊவாப் பக்கத்துப் புற்றரையில் மஞ்சளாகப் பூக்கும் "நாகமரு அல" என்பதும் அப்படித்தான். வசியத்துக்கு நல்லது என்று யாரோ சொன்ன கதையை நம்பி அதன் கிழங்கைத் தோண்டுகிறார்கள். வசியம் ஆனதோ இல்லையோ, பூ குறைந்துவிட்டது.

சட்டமும் இருக்கிறது. 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட செடிகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் போய் எந்தச் செடியைப் பிடுங்கினாலும் குற்றம். "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் கோர்ட்டில் எடுபடாது. வாகனத்தில் வருகிறவர் நூறு இருநூறு கொடுத்து வாங்கிப் போய்விடுவார். பிடிபடுவது நம்முடைய பொடியன்தான்.

அப்படியானால் எதை வளர்க்கலாம்?

காட்டுக்குப் போகாமலே கிடைக்கிற காட்டுப் பூ நிறைய இருக்கிறது. ரோட்டு மேட்டில், கான் ஓரத்தில், தோட்டத்து ஓடைக் கரையில் தானாக முளைத்து நிற்கும். புல்லுவெட்டும்போது "சனியன்" என்று வெட்டி எறிகிறோமே, அதில் பாதி இவைதான். பெரிய துரையிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு, விதையோ தண்டோ எடுத்து வரலாம். தாய்ச் செடி நின்ற இடத்திலேயே நிற்கட்டும். நான்கைச் சொல்கிறோம்.

ஒன்று, போவிட்டியா. பெயர் சிங்களம், ஆனால் நம்மவர்களும் அப்படித்தான் சொல்கிறோம். ஊதா நிறத்தில் விரிந்த பூ, இலையில் நீளவாட்டில் மூன்று நான்கு நரம்பு ஓடும். இதில் பல வகை உண்டு. உயரமான மலையில் நிற்கிற சில வகைகள் இலங்கைக்கே சொந்தம். தேயிலை விரும்புகிற அதே புளிப்பு மண்தான் இதற்கும் பிடிக்கும். ஆகவே நம்முடைய வாசலில் வராமல் போகாது. காய் சின்னப் பானை மாதிரி இருக்கும். அது பழுப்பாகிக் காய்ந்ததும் உள்ளே பொடி விதை இருக்கும். அந்த விதையை மண்ணின் மேலே தூவினால் போதும், மூட வேண்டாம். வேர் நன்றாகப் பிடிப்பதால் வாசல் மேட்டுக்கு ஏற்ற செடி.

ஒரு எச்சரிக்கை. மஞ்சள் காமாலைக்குப் போவிட்டியா இலையை அவித்துக் குடிக்கிற பழக்கம் உண்டு. நாட்டு வைத்தியத்தில் அது நெடுங்கால வழக்கம், நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் கண் மஞ்சளாகினால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் அவித்துக் குடித்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம்.

இரண்டு, பினர. கருநீலப் பூ, நடுவில் மஞ்சள். இதுவும் இலங்கைக்கு மட்டுமே சொந்தமான பூ. சிங்கள மாதம் பினரவில், அதாவது செப்டெம்பர் அளவில் பூக்கும். ஈரமான புல்மேட்டிலும் காட்டோரத்திலும் நிற்கும். விதை தூசி மாதிரி. ஒரு அகலமான சட்டியில் மணலும் இலைமக்கும் சரிபாதி போட்டு, நனைத்து, அதன் மேலே விதையைத் தூவி, மேலே ஒரு கண்ணாடித் துண்டையோ பொலித்தீனையோ போட்டு நிழலில் வையுங்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை ஓடிவிடும். சட்டியை ஒரு தட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள், அடியிலிருந்து ஈரம் ஏறும்.

மூன்று, காட்டுக் காசித்தும்பை. சிங்களத்தில் "குடலு". இலங்கையில் இருபதுக்கும் மேற்பட்ட வகை உண்டு, பெரும்பாலானவை வேறு நாட்டில் இல்லை. வெள்ளை, சிவப்பு, இளஞ்சிவப்பு என்று பல நிறம். இதற்கு வெயில் ஆகாது, ஈரம் வேண்டும். பீலியில் இருந்து தண்ணீர் வழிந்து போகிற கான் ஓரம்தான் இதற்குச் சொந்த வீடு. காய் முற்றினால் தொட்டதும் படாரென்று வெடித்து விதை சிதறும், பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. விதை வேண்டுமென்றால், காய் வெடிக்கும் முன் ஒரு மெல்லிய துணியால் பை மாதிரிக் கட்டிவிடுங்கள். விதை எடுக்க முடியாவிட்டால், ஒரு சாண் தண்டை வெட்டி ஈர மணலில் ஊன்றுங்கள், சீக்கிரம் வேர் விடும்.

நான்கு, நெலு. இதைச் சொல்லும்போது ஒரு விசயம் சொல்ல வேண்டும். இந்தியாவில் நீலகிரியிலும் பழனி மலையிலும் 12 வருடத்துக்கு ஒருமுறை மலையே நீலமாகப் பூக்கிற குறிஞ்சியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2006இலும் 2018இலும் பூத்தது. நெலு அந்தக் குறிஞ்சிக்குச் சொந்தக்காரி, ஒரே குடும்பம், ஒரே பேரினம். நம்முடைய முன்னோர் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் என்று வெயில் காய்கிற சமவெளியில் இருந்து வந்தவர்கள். பழந்தமிழர் மலையையும் மலை சார்ந்த இடத்தையும் குறிஞ்சி என்று சொன்னார்கள். அந்தப் பெயருக்குரிய பூவின் உறவுக்காரியை நம்முடைய ஆள்கள் இங்கே வந்துதான் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

நெலுவிலும் சில வகைகள் சுமார் 12 வருடத்துக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதை போட்டு, செத்துப்போகும். அந்த விதையில் இருந்துதான் அடுத்த தலைமுறை முளைக்கும். பூக்கிற காலத்தில் தேனீக்கும், விதைக்கிற காலத்தில் காட்டுக்கோழிக்கும் விருந்து. இப்போது யோசித்துப் பாருங்கள். 12 வருடம் காத்திருந்த செடியைப் பூக்கிற வருடம் பார்த்து ஒடித்தால், அந்த இடத்தில் அடுத்த 12 வருடத்துக்கு என்ன மிச்சம்? ஆகவே பூத்த நெலுவில் கை வைக்க வேண்டாம். தோட்டத்து ஓடைப் பக்கம் நிற்கிற நெலுவில் பூக்காத காலத்தில் ஒரு கணுத்தண்டை எடுத்து நிழலில் ஊன்றினால் வரும். பூப்பதற்குள் உங்கள் பிள்ளை ஏ.எல். எழுதி முடித்திருக்கும். பொறுமை உள்ளவர்கள் வையுங்கள்.

மஹரத்மல் மரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். நீலகிரியில் காட்டுப் பூவரசு என்பார்கள். இரத்தச் சிவப்புப் பூ, பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் அது மரம். லயத்து வாசலில் இடம் போதாது. விதைக் கன்று கிடைத்தால் கோயில் வளவில் வைக்கலாம்.

உங்களுக்குத் தெரிந்த வேலைதான்

நாற்று வளர்ப்பதை நாங்கள் உங்களுக்குச் சொல்லித்தருவது, மீனுக்கு நீச்சல் பழக்குகிற மாதிரி. தேயிலைக் கன்று மேடையில் வேலை செய்த அக்காமார் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்! ஒரு இலையும் ஒரு கணுவும் விட்டு, கூரான கத்தியால் சாய்வாக வெட்டி, வாடாமல் தண்ணீரில் போட்டு, பொலித்தீன் பையில் ஊன்றி, நிழல் கட்டி வளர்க்கிறீர்கள். அதே கைப்பழக்கம்தான் இதற்கும். தோட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் வளர்த்துக் கொடுத்த கை, சொந்த வாசலுக்கு நாலு கன்று வளர்க்காதா?

கவனிக்க வேண்டியவை சில:

சாம்பல் போட வேண்டாம். அடுப்புச் சாம்பலை வாசல் செடிக்குக் கொட்டுவது நம்முடைய வழக்கம். கோவாவுக்கும் போஞ்சிக்கும் கொஞ்சம் போடலாம், காட்டுப் பூவுக்கு ஆகாது. சாம்பலும் சுண்ணாம்பும் டொலமைட்டும் மண்ணின் புளிப்பைக் குறைத்துவிடும். கோர்ட்டுக்குப் போன அந்தப் பொடியன் இப்போது போவிட்டியா நாற்றுப் போடுகிறான். அவனுடைய முதல் பாத்தி மஞ்சளாகி நின்றுபோனது. என்ன போட்டாய் என்று கேட்டோம். "அம்மா நல்லதுன்னு சாம்பல் போட்டுச்சு" என்றான். இரண்டாம் பாத்தியில் மக்கிய கிறவில்லியா இலை மட்டும் போட்டான், நன்றாக வந்திருக்கிறது.

யூரியாவும் வேண்டாம். காட்டில் யாரும் உரம் போடுவதில்லை. இலைமக்கும், காய்கறித் தோல் மக்கிய கூட்டுரமும் போதும்.

காலம் பார்த்து நடுங்கள். ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் சித்திரை மழை விழுந்ததும் நடலாம். ஆனி ஆடிக் காற்று மழைக்குள் கன்று வேர் பிடித்திருக்க வேண்டும். பதுளை, ஹப்புத்தளைப் பக்கம் ஐப்பசி மழையோடு நடுங்கள். நுவரெலியா உயரத்தில் தை மாசியில் உறைபனி விழும். பின்னேரத்தில் ஒரு சாக்கையோ காய்ந்த பன்னத் தழையையோ கன்றின் மேல் போட்டு, விடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

சுவரை ஒட்டி நட வேண்டாம், மூன்று அடி விடுங்கள். சுவரில் ஈரம் ஏறாது, பூச்சி பொட்டும் உள்ளே வராது. தயிர்ச் சட்டி, வெட்டிய போத்தல், பழைய டயர் எதில் நட்டாலும் அடியில் ஓட்டை போடுங்கள். தண்ணீர் தேங்கினால் செடியும் அழுகும், டெங்கு நுளம்பும் பெருகும்.

மேட்டில் பூச்செடி வைப்பது நல்லது. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். பூஞ்செடி மழை கரைக்கிற மேல் மண்ணைப் பிடிக்கும், மலையைப் பிடிக்காது. 2014இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் நடந்ததையும், 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலைநாடு பட்ட பாட்டையும் மறந்துவிடாதீர்கள். பாத்தி போடுவதற்காக லயத்துக்குப் பின்னால் மண்மேட்டை வெட்ட வேண்டாம். கானை அடைத்துச் செடி வைக்க வேண்டாம். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு கண்டால், பூவைப் பார்க்காமல் எங்களுக்கும் கிராம சேவகருக்கும் உடனே சொல்லுங்கள்.

இதில் என்ன இலாபம்?

போவிட்டியாவும் பினரவும் மகரந்தத்தை ஒரு சின்ன ஓட்டைக்குள் பூட்டி வைத்திருக்கும். உப்புத்தூள் போத்தல் மூடி மாதிரி. கருவண்டு போல சில காட்டு வண்டுகள் வந்து பூவைப் பிடித்துக்கொண்டு "ர்ர்ர்" என்று உடம்பை அதிர வைத்தால்தான் தூள் கொட்டும். தக்காளி, கத்தரிப் பூவுக்கும் அந்த அதிர்வு நல்லது, காய் கூடப் பிடிக்கும். நாம் வளர்க்கிற தேனீக்கு அந்த வித்தை தெரியாது. ஆகவே தக்காளிப் பாத்திக்குப் பக்கத்தில் இரண்டு போவிட்டியா நின்றால், வண்டு வரும், வந்த வண்டு தக்காளியையும் பார்த்துவிட்டுப் போகும். களைநாசினி அடிக்கிறவர்கள் பூப்பாத்திப் பக்கம் காற்று வீசுகிற நேரம் அடிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

எதை வைக்கக் கூடாது?

காட்டோரத்தில் நிற்பதெல்லாம் நம் காட்டுப் பூ இல்லை. நாயுண்ணி வெளிநாட்டுச் செடி, 1826இல் தோட்டப் பூவென்று கொண்டு வந்தது. இன்றைக்கு நாடெல்லாம் படர்ந்து மற்றதை நெருக்குகிறது. மஞ்சளாகப் பூக்கிற காட்டுச் சூரியகாந்தியும் வெளியில் இருந்து வந்ததுதான். அதன் தழையை வெட்டிப் பசளைக்குப் போடுங்கள், வேலியாக வளர்க்க வேண்டாம். ஹோட்டன் சமவெளியில் மஞ்சள் பூ பூக்கும் முட்புதர் ஒன்று வெள்ளைக்காரர் கொண்டு வந்தது, அதைப் பிடுங்கி முடியாமல் இன்றும் பாடுபடுகிறார்கள்.

மணி மாதிரித் தலைகீழாகத் தொங்குகிற பெரிய வெள்ளை ஊமத்தைப் பூ விசம். கார்த்திகைப்பூ நம் நாட்டுப் பூதான், ஆனால் அதன் கிழங்கு கொடிய விசம். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வாசலில் இரண்டும் வேண்டாம்.

புதிய போட்டி விதிகள்

இனி இந்த வருடப் போட்டிக்கு வருவோம். காட்டில் பிடுங்கிய செடிக்குப் புள்ளி இல்லை. அது எவ்வளவு அழகாக இருந்தாலும் இல்லை. விதையிலோ தண்டிலோ வளர்த்த ஒவ்வொரு நாட்டுப் பூவுக்கும் புள்ளி உண்டு. எங்கே எடுத்தீர்கள், எந்தத் தேதியில் விதைத்தீர்கள், எப்போது பூத்தது என்று பிள்ளையின் கொப்பியில் எழுதிக் காட்டினால் அதற்கும் புள்ளி. பக்கத்து வீட்டுக்குக் கன்று கொடுத்திருந்தால் இரண்டு மடங்கு.

ஓர்க்கிட் ஆசை உள்ளவர்களுக்கு ஒரே ஒரு வழி இருக்கிறது. தோட்டத்தில் நிழல் மரக் கிளை வெட்டும்போது சில கிளைகளில் ஓர்க்கிட் ஒட்டியிருக்கும். அது எப்படியும் விறகோடு அடுப்புக்குப் போகப் போவது. துரையிடம் கேட்டு, பட்டையோடு சேர்த்து எடுத்து, பக்கத்தில் நிற்கிற இன்னொரு மரத்தில், நிழல் பக்கம், தென்னங்கயிற்றால் கட்டிவிடுங்கள். வாசலில் தொங்கவிட வேண்டாம். மரத்தில் பிழைத்தால் அதற்கும் புள்ளி தருவோம்.

போன கூட்டத்தில் அந்த ஆச்சி கேட்ட கேள்விக்கு நாங்கள் அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறோம். தாத்தாமார் வெட்டியது, வயிற்றுக்காக, சொன்ன வேலையைச் செய்தது. அந்தக் கணக்கை யாரும் நம்மிடம் கேட்க முடியாது. ஆனால் இன்றைக்கு நம்மிடம் கத்தி கொடுத்து வெட்டச் சொல்ல யாரும் இல்லை. பிடுங்குவதா, வளர்ப்பதா என்பதை நாமே முடிவு செய்யலாம். லயத்து நிலம் யாருடைய பெயரில் இருக்கிறது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை, அதற்கான பேச்சும் போராட்டமும் நடக்கட்டும். வாசல் மேட்டில் ஒரு போவிட்டியா வைக்க அது தீரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. அந்தப் பொடியனுடைய தாயும் இன்றைக்கு இங்கே வந்திருக்கிறார். எங்களால் அவர் பட்ட மனவருத்தத்துக்கு இந்தச் சபையில் வைத்து மன்னிப்புக் கேட்கிறோம். அவருடைய மகன் வளர்த்த நாற்று நாற்பது கன்று வாசலில் பெட்டியில் இருக்கிறது. போகும்போது வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். சாம்பல் மட்டும் போட்டுவிடாதீர்கள்.